இலைக்குள்ள குவாண்டம் இருக்கோ? ஒரு ரியூசன் வாத்தியார் மாட்டுப்பட்ட கதை

கோணமலை_கெமி · ஞாயிறு இரவு 8.40

வணக்கம். திருகோணமலை டவுனுக்குள்ள பதினேழு வருசமா உயர்தர இரசாயனவியல் ரியூசன் நடத்துறன். நேற்று வகுப்பில கடைசி வாங்கில இருக்கிற ஒரு பிள்ளை எழும்பி, "சேர், இலை ஒரு குவாண்டம் கொம்பியூட்டராம். வெளிச்சம் பட்ட சக்தி எல்லாப் பாதையாலயும் ஒரே நேரத்தில போய்ப் பார்த்து, நல்ல பாதையைப் பிடிக்குமாம். அதாலதான் ஒளித்தொகுப்பு நூறு வீதம் திறனாம். உண்மையா?" எண்டு கேட்டுது. வீடியோ ஒண்டில பார்த்ததாம்.

"வாற கிழமை சொல்றன்" எண்டு சமாளிச்சிட்டன். சங்கடம் என்னெண்டா, இதே கதையை நானே 2012 பட்சுக்குப் போர்டில படம் கீறிச் சொல்லிக் குடுத்தனான். பிறகு அது பிழையாம் எண்டு காதில விழுந்தது. முழுப் பிழையா, அரைப் பிழையா? சனிக்கிழமைக்கு முன்னம் ஆராவது விளங்கப்படுத்துங்கோ.

பாடப்புத்தகத்தில "சக்திச் சொட்டு" எண்டுதான் இருக்கு, தெரியும். இங்க குவாண்டம் எண்டே எழுதுறன், சண்டைக்கு வராதேங்கோ.

உப்புவெளி_காத்து · ஞாயிறு இரவு 8.52

கோட்டை வாசல்ல நிக்கிற மான் ஒண்டு என்ர இரசாயனவியல் கொப்பியில பாதியைத் திண்டது. திண்ட பாதியில அந்தப் படமும் இருந்தது. அதுக்கு இப்ப எல்லாப் பாதையும் தெரிஞ்சிருக்கும்.

(சேர், 2012 பட்ச் நான்தான். இண்டைக்கு வரைக்கும் அதை நம்பிக்கொண்டிருந்தனான்.)

கன்னியா_அனல் · ஞாயிறு இரவு 10.15

சேர், நான் ஆறு வருசம் வெளிநாட்டில ஒரு லேசர் ஆய்வுகூடத்தில இதே வகைப் பரிசோதனை செய்தனான். இப்ப லீவில ஊருக்கு வந்து நிக்கிறன். அரைப் பிழை எண்டதுதான் கிட்டத்தட்டச் சரி. எந்த அரை எண்டதில கனபேர் தடுமாறுறது.

கதை இலையில தொடங்கேல்ல, பற்றீரியாவில தொடங்கினது. பச்சைக் கந்தக பற்றீரியா எண்டு ஒரு கூட்டம் இருக்கு. அதுக்குள்ள வெளிச்சத்தைப் பிடிக்கிற பெரிய அன்ரெனா ஒரு பக்கம், இலத்திரனைப் பிரிக்கிற தாக்க மையம் மற்றப் பக்கம். நடுவில வயர் மாதிரி ஒரு புரதம். கண்டுபிடிச்சவர், கட்டமைப்பைத் தீர்த்தவர்கள் பேரில பென்னா–மத்தியூஸ்–ஓல்சன் புரதம் எண்டு சொல்லுறது. 1962இல ஓல்சன் பிரிச்செடுத்தார், 1975இல மற்ற இரண்டு பேரும் கட்டமைப்பை வெளியிட்டவை. மூண்டு ஒரே மாதிரித் துண்டு. ஒவ்வொண்டுக்குள்ளயும் ஏழு பற்றீரியப் பச்சைய மூலக்கூறு (எட்டாவது ஒண்டு கனகாலத்துக்குப் பிறகுதான் தெரிய வந்தது). இவ்வளவு சின்னதா, இவ்வளவு தெளிவா அமைப்புத் தெரிஞ்ச சாமான் வேற இல்லாதபடியா எல்லாரும் இதையே பிடிச்சுக்கொண்டினம்.

2007இல பேர்க்லியில கிரஹாம் பிளெமிங்கின்ர குழு, கிரெகரி ஏங்கல் முதல் பேராக, ஒரு பேப்பர் போட்டது. இந்தப் புரதத்தில மூண்டு லேசர் துடிப்பை ஒண்டுக்குப் பின்னால ஒண்டா அடிச்சு, இரண்டாவதுக்கும் மூண்டாவதுக்கும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போனால், வாற சைகை ஏறி இறங்கித் துடிக்குது. அந்தத் துடிப்பு 660 பெம்டோ செக்கன் வரைக்கும் நிண்டது. ஒரு பெம்டோ செக்கன் எண்டா செக்கனில பத்து இலட்சத்தில ஒரு பங்கை எடுத்து, அதை இன்னும் நூறு கோடியால பிரிச்சது.

அந்தத் துடிப்புக்கு அவை குடுத்த விளக்கம்: இரண்டு சக்தி நிலைகள் ஒண்டோட ஒண்டு கட்டம் பிசகாமல், ஒத்திசைவோட ஓடுது. பேப்பரிலயே "மிகத் திறமையான பாதையைத் தேடுது" எண்ட மாதிரி ஒரு வரியும் இருந்தது. வீடியோக்காரர் எல்லாரும் தொங்குறது அந்த ஒரு வரியில.

அதில கனபேர் வாசியாமல் விட்ட ஒரு எண் இருக்கு: 77 கெல்வின். திரவ நைதரசன் குளிர், கிட்டத்தட்ட மறை 196 பாகை. அந்தப் பற்றீரியா நியூசிலாந்து வெந்நீரூற்றில எடுத்தது, 48 பாகை அளவில நல்லா வளருறது. எங்கட கன்னியாக் கிணத்துத் தண்ணி மாதிரிச் சூட்டில சீவிக்கிறதை உறைய வச்சுப் பார்த்த கணக்கு.

கிண்ணியா_மச்சான் · ஞாயிறு இரவு 10.40

அக்கா, "கட்டம் பிசகாமல் ஓடுறது" எண்டா என்ன? எனக்குச் சாதாரணதரத்தோட விஞ்ஞானம் முடிஞ்சி. ஆனா கரைவலை தெரியும். வாப்பா சம்மாட்டி. இரண்டு பக்கக் கயிறு, இரண்டு கூட்டம். அம்பா பாடுறவர் குரல் குடுக்கக்க ரெண்டு பக்கமும் ஒரே இழுவை. அதுதானா ஒத்திசைவு?

கன்னியா_அனல் · ஞாயிறு இரவு 10.58

தம்பி, இதைவிட நல்ல உதாரணம் எனக்கு ஆறு வருசத்தில கிடைக்கேல்ல. இதையே வச்சுக்கொள்ளுவம்.

அம்பாக் குரல் கேக்கும் வரைக்கும் இரண்டு கூட்டத்துக்கும் தாளம் ஒண்டு. ஆர் எப்ப இழுப்பினம் எண்டு முன்கூட்டிச் சொல்லலாம். குரல் கலைஞ்சா அவரவர் மூச்சுக்கு அவரவர் இழுப்பினம். அப்பவும் ஆக்கள் நிக்கினம், பலமும் அவ்வளவேதான். தாளம் மட்டும் போச்சு. மூலக்கூறில அந்தக் குரலைக் கலைக்கிறது சுத்தியிருக்கிற புரதமும் தண்ணியும் சும்மா நடுங்குற நடுக்கம். அறைச்சூட்டில அது எவ்வளவு கெதியாக் கலைக்கும் எண்டதுக்கு ஒரு மொட்டைக் கணக்கு இருக்கு: சுருக்கிய பிளாங்க் மாறிலியை, போல்ற்ஸ்மன் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கி வாற சக்தியால வகுத்தால் 25 பெம்டோ செக்கன் வரும். அதுக்கு முன்னால 660 எண்டது பெரிய எண். அதாலதான் உலகம் முழுக்கத் துள்ளினது.

இப்ப முக்கியமான இடம். வலை கரைக்கு வாறதுக்கு அம்பா கட்டாயம் வேணுமா?

கிண்ணியா_மச்சான் · ஞாயிறு இரவு 11.03

இல்ல. பாட்டுக்காரர் வராத நாளும் மீன் வந்திருக்கு. களைப்புக் கூட, அவ்வளவுதான்.

குவாண்டம்_பித்தன் · திங்கள் காலை 6.20

அக்கா சொல்லுறதைப் பார்த்தா எல்லாம் வெறும் குளிர்ப்பெட்டி வித்தை எண்ட மாதிரி இருக்கு. 2010இல ரொறன்ரோவில ஷோல்ஸ் குழு கடற்பாசியில, 294 கெல்வினில, அதாவது சாதாரண அறைச்சூட்டில 400 பெம்டோ செக்கனுக்கு மேல துடிப்பைப் பார்த்தவை. அதே வருசம் ஏங்கல் இந்தப் புரதத்தையே 277 கெல்வினில வச்சு 300 எடுத்துக் காட்டினார். குளிர் எண்டு சொல்லித் தப்பேலாது. இயற்கை செய்த அதிசயத்தைச் சும்மா தட்டிவிடுறது எங்கட ஆக்களுக்கு ஒரு பழக்கம்.

கன்னியா_அனல் · திங்கள் காலை 7.45

பித்தன், இரண்டு எண்ணும் சரி. துடிப்பு இருந்தது, ஒருத்தரும் பொய் சொல்லேல்ல. கேள்வி, துடிச்சது எது எண்டது.

திரும்பவும் கரைவலைக்கு வாறன். இராவணன் வெட்டில ஏறி நிண்டு தூரத்துக் கரையைப் பாருங்கோ. ஆக்கள் தெரியாது, பாட்டும் கேக்காது. கயிறு மட்டும் விட்டு விட்டு விறைக்கிறது தெரியுது. அம்பாவாலயா? அல்லது கடலில அலை ஏறி இறங்க வலை இழுபட்டு விறைக்குதா? அலைத் தாளமும் அம்பாத் தாளமும் கிட்டத்தட்ட ஒண்டெண்டா மேல நிக்கிறவருக்குப் பிரிச்சறிய ஏலாது.

பச்சைய மூலக்கூறு ஒவ்வொண்டும் தன்பாட்டில அதிரும். அந்த அதிர்வுகளில ஒண்டு சென்ரிமீற்றருக்கு 180 அலை எண்ட இடத்தில இருக்கு. ஒரு ஆட்டத்துக்கு 185 பெம்டோ செக்கன். இந்தப் புரதத்தில இலத்திரன் நிலைகளுக்கு இடையில இருக்கிற சக்தி வித்தியாசங்களும் அதே பக்கம்தான். ஆக 2007இல கிராப்பில தெரிஞ்ச ஏற்ற இறக்கத்தை எந்தக் கணக்கில போடுறது? அணுக்கரு அதிர்வு எண்டா ஆயிரம் பெம்டோ செக்கனுக்கும் தாராளமா நிக்கும், அதில அதிசயம் இல்ல. இலத்திரன் எண்டாத்தான் அதிசயம். 2013இல டேவிட் ஜோனாசின்ர குழு இதைக் கணக்குப் போட்டுக் காட்டினது: பச்சையங்களின்ர அதிர்வு இலத்திரன் நிலைகளோட சேர்ந்து கலந்தாலே இந்தத் துடிப்பு வரும்.

2017இல ஹம்பேர்க் பக்கம் டுவெய்ன் மில்லர், மைக்கேல் தோர்வார்ட் ஆக்கள் அதே புரதத்தை அறைச்சூட்டில திரும்ப அளந்தினம். இலத்திரன் ஒத்திசைவு 60 பெம்டோ செக்கனில முடிஞ்சு போகுது. சக்தி இந்தப் புரதத்தைக் கடக்கப் பிக்கோ செக்கன் கணக்கு வேணும். ஒரு பிக்கோ எண்டா ஆயிரம் பெம்டோ. ஆக, முதல் இரண்டு இழுவையோட பாட்டு நிண்டிட்டுது. மிச்சத் தூரம் முழுக்கப் பாட்டில்லாத இழுவை.

எனக்குப் பிடிச்சது 2018. கயிறு இழுக்கிற கூட்டத்தையே மாத்திப் பார்க்கிற பரிசோதனை அது. மரபணுவை மாத்தி, பச்சையங்களின்ர சக்தி நிலைகள் இடம் மாறின புரதங்களைச் செய்து அதே அளவீட்டை எடுத்தவை. துடிப்பு இலத்திரன் நிலைகளுக்கு இடையில எண்டா அதின்ர தாளமும் மாறியிருக்க வேணும். மாறேல்ல. ஆளை மாத்தியும் தாளம் மாறேல்ல எண்டா அது அலைதான். அந்தப் பேப்பரில இருக்கிறவர்களில ஒருவர் நீங்கள் சொன்ன அதே ஷோல்ஸ்.

உப்புவெளி_காத்து · திங்கள் காலை 8.01

தன்ர ஆக்களோட சேர்ந்து தன்ர பிடியைத் தானே தளர்த்தினாரோ. ஊரில அப்பிடி ஒரு சம்மாட்டியைக் காட்டுங்கோ பார்ப்பம்.

தம்பலகாமம்_வயல் · திங்கள் மதியம் 1.10

சேர் எழுதின "நூறு வீதம்" எண்டதில எனக்குச் சின்னச் சந்தேகம். பெரும்போகத்துக்குக் கந்தளாய்த் தண்ணியில ஐஞ்சு ஏக்கர் செய்யிறன். வெயில் நூறு வீதம் நெல்லா மாறினா நான் ஏன் உரக்கடையில கடன் கொப்பி வச்சிருக்கிறன்?

கன்னியா_அனல் · திங்கள் மாலை 5.30

ஐயா, வீடியோக்காரரை ஒரு வரியில படுக்க வச்சிட்டீங்கள்.

அங்க இரண்டு கணக்குக் குழம்பியிருக்கு. பச்சையம் ஒரு போட்டோனை (ஒளித் துணிக்கையை) விழுங்கினால் அந்தச் சக்தி தாக்க மையத்துக்குப் போய்ச் சேருற வாய்ப்பு நல்ல நிலைமையில நூறு வீதத்துக்குக் கிட்ட வரும். அது எண்ணிக்கைக் கணக்கு: எத்தினை போட்டோனுக்கு எத்தினை இலத்திரன். வெயில்ச் சக்தியில எவ்வளவு பயிராச்சுது எண்டது வேற கணக்கு. நெல் மாதிரி C3 பயிருக்கு அறிவியல்படி உச்சம் 4.6 வீதம், சோளம் மாதிரி C4க்கு 6 வீதம். வயலில அதுவும் கிடைக்காது.

முதல் கணக்கு ஏன் நூறுக்குக் கிட்ட வருது எண்டதுக்கு மந்திரம் வேண்டாம். கரைசலில தனியா விட்ட பச்சையம் வாங்கின சக்தியைத் திருப்பி ஒளியா விட ஐஞ்சாறு நனோ செக்கன் எடுக்கும். பக்கத்து மூலக்கூறுக்குத் தாவ ஒரு பிக்கோ செக்கன் அளவு. அதாவது வெளியில கொட்ட முன்னம் ஆயிரம் தரத்துக்கு மேல தாவலாம். தாக்க மையத்துப் பக்கம் சக்திப் படியும் இறக்கமாவே இருக்கு. சும்மா தாவினாலே போய்ச் சேரும்.

கோணமலை_கெமி · திங்கள் இரவு 9.05

அப்ப குவாண்டம் எண்ட சொல்லையே அழிச்சுப் போட்டு, மூலக்கூறுகள் பந்து தட்டி விளையாடுது எண்டு சொல்லட்டோ? 2012 பட்சிட்ட எப்பிடி முகத்தைக் காட்டுறது.

கன்னியா_அனல் · திங்கள் இரவு 9.40

அழிக்காதேங்கோ சேர், அதுவும் பிழையாப் போகும். துடிப்பு அவியுறது ஒரு விசயம். சக்தி ஒரு மூலக்கூறில மட்டும் குந்தியிருக்காமல் பலதில பரவி நிக்கிறது வேற விசயம். அதுக்கு 660உம் வேண்டாம், 60உம் வேண்டாம். அதை நிறத்திலயே காணலாம்.

ஊதாப் பற்றீரியாவில ஒரு அன்ரெனா வளையம் இருக்கு. கட்டமைப்பு 1995இல ரிச்சர்ட் கொக்டெல் ஆக்களால தெரிய வந்தது. அதில 18 பற்றீரியப் பச்சையம் நெருக்கமாக் கைகோத்து ஒரு வளையம், 9 விலகி நிண்டு இன்னொரு வளையம். கரைசலில அந்தப் பச்சையம் 770 நனோமீற்றர் கிட்ட உறிஞ்சும். விலகி நிக்கிற ஒன்பதும் 800இல. நெருங்கி நிக்கிற பதினெட்டும் 850இல. மூலக்கூறு ஒண்டே. கைகோத்தபடியா நிலைகள் கலந்து சக்தி கீழ இறங்கிச்சு. பந்து தட்டுற கதையில இந்த 850 வரவே வராது.

நடுக்கம் எதிரி மட்டும் இல்ல எண்டதும் இருக்கு. 2008இல பிளேனியோவும் ஹுவெல்காவும் ஒரு பக்கம், மொசேனி, லொயிட், அஸ்புரு-குசிக் ஆக்கள் இன்னொரு பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினவை: நடுக்கம் அறவே இல்லாட்டி, சக்தி தனக்குள்ளயே அலைமோதிச் சில இடத்தில சிக்கிக்கொண்டு நிக்கும். கனக்க நடுங்கினா நகராது. அளவா நடுங்கினால்தான் ஓட்டம். தோணி மணலில புதைஞ்சா ஆட்டி ஆட்டித்தானே தள்ளுறம்.

கோணமலை_கெமி · செவ்வாய் காலை 6.55

இதைப் படிச்சதும் எனக்கு வேற ஒரு பயம் வந்திட்டுது. பென்சீனுக்குப் பரிவு படிப்பிக்கக்க, "இரட்டைப் பிணைப்பு இங்கயும் அங்கயும் மாறி மாறித் துடிக்குது" எண்டு கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுறனான். பதினேழு வருசமா.

கன்னியா_அனல் · செவ்வாய் காலை 7.20

சேர், கையை ஆட்டாமல் சொல்லுங்கோ :)

பென்சீனும் கலவைதான், ஆனா துடிக்கிறதில்ல. துடிப்பு வர வேணுமெண்டா வேற வேற சக்தியுள்ள இரண்டு நிலையைக் கலக்க வேணும். அந்தச் சக்தி வித்தியாசம்தான் தாளத்தின்ர வேகம். பென்சீனின்ர அடிநிலைக்குச் சக்தி ஒண்டே ஒண்டு. கேக்குலே எண்ட விஞ்ஞானி கீறின இரண்டு படமும் அந்த ஒரு நிலையை எழுத நாங்கள் எடுத்த இரண்டு துண்டு. அதால ஆறு பிணைப்பும் எந்நேரமும் 139 பிக்கோமீற்றர். ஒற்றைப் பிணைப்பு 154, இரட்டை 134. மாறி மாறி எண்டிருந்தா, போதிய வேகமுள்ள ஒரு லேசர் ஒரு கணம் 154ஐயும் மறு கணம் 134ஐயும் பிடிச்சிருக்கும்.

குவாண்டம்_பித்தன் · செவ்வாய் காலை 8.10

சரி, இலையை விட்டுத்தாறன். ஆனா பறவை? ஐப்பசி பிறந்தா எங்கட வளவுக்கு ஆறுமணிக்குருவி வந்திடும், இமயமலை அடிவாரப் பக்கமிருந்து. காந்தப்புலத்தைக் குவாண்டம் முறையில பார்த்துப் பறக்குதெண்டு சொல்லுறது, அதுவும் வீடியோக் கதைதானோ?

கன்னியா_அனல் · செவ்வாய் இரவு 10.30

இதில நான் உங்கட பக்கம், அளவோட.

ஆறுமணிக்குருவியைப் பற்றிச் சொல்ல மாட்டன். அளந்து பார்த்தது ஐரோப்பிய ரொபின் குருவி. கூட்டுக்குள்ள விட்டுக் காந்தப்புலத்தைத் திருப்பினா அது பாயுற பக்கமும் திரும்புது எண்டு வில்ச்கோ தம்பதிகள் அறுபது, எழுபதுகளிலயே காட்டினவை. அது வடக்குத் தெற்குப் பார்க்கிறதில்ல, புலக்கோட்டின்ர சரிவைப் பார்க்குது. எப்பிடி எண்டதுக்கு 1978இல கிளவுஸ் ஷுல்டன் ஒரு யோசனை சொன்னார்: ஒளி பட்டு இரண்டு மூலிகங்கள் (சோடியில்லாத இலத்திரன் உள்ள மூலக்கூறுகள்) சோடியாப் பிறக்குது, அதுகளின்ர தனி இலத்திரன் இரண்டின்ர சுழற்சியும் ஒத்திசைவில நிண்டு புலத்துக்கு ஏத்தபடி மாறுது, அதால முடிவில வாற விளைபொருள் கூடிக் குறையுது. 2000இல ரிட்ஸோட சேர்ந்து, கண்ணில இருக்கிற கிரிப்டோக்குரோம் புரதம்தான் அந்த இடம் எண்டு எழுதினார்.

ஏன் இது இலைக் கதை மாதிரி அவியேல்ல? பூமியின்ர புலம் எங்கட பக்கம் 40 மைக்ரோ டெஸ்லா அளவு. அது இலத்திரன் சுழற்சிக்குக் குடுக்கிற சக்தி, அறைச்சூட்டு நடுக்கத்தின்ர சக்தியைவிட ஐம்பது இலட்சம் மடங்குக்கும் மேல சின்னது. இவ்வளவு சின்னதைச் சூடு அடிச்சுக்கொண்டு போகும் எண்டுதானே நினைப்பம். ஆனா சுழற்சிக்கும் சுத்தியிருக்கிற நடுக்கத்துக்கும் பேச்சுவார்த்தை மிகக் குறைவு. அதால அதின்ர ஒத்திசைவு மைக்ரோ செக்கன் கணக்கில நிக்கேலும். அந்த 40 மைக்ரோ டெஸ்லாவில சுழற்சி ஒரு சுற்றுச் சுத்தவும் கிட்டத்தட்ட ஒரு மைக்ரோ செக்கன்தான். பாட்டு முடிய முன்னம் ஒரு இழுவையாவது இழுக்க நேரம் இருக்கு. இலையில இருந்த 60 பெம்டோவை நினைச்சுப் பாருங்கோ.

அளவு எண்டு சொன்னது இதுக்குத்தான்: 2021இல ரொபினின்ர கிரிப்டோக்குரோம்-4ஐப் பிரிச்செடுத்துச் சோதிச்சவை. கோழி, புறாவின்ர அதே புரதத்தைவிட இது காந்தப்புலத்துக்குக் கூட அசைஞ்சது. ஆனா அதுக்கு வச்ச புலம் மில்லி டெஸ்லா, பூமியைவிடப் பல மடங்கு. புரதத்தில நடக்குது எண்டதுக்குச் சாட்சி. குருவிக்குள்ள நடக்குது எண்டதுக்கு இல்ல.

எங்கட ஊருக்கெண்டு ஒரு சிக்கலும் இருக்கு. காந்த நடுக்கோடு எங்களுக்குக் கிட்டத்தான் போகுது. இங்க புலக்கோடு சரியாமல் கிட்டத்தட்டக் கிடையாப் படுத்திருக்கு. சரிவைப் பார்த்து வாற குருவிக்கு இங்க எந்தப் பக்கம் துருவம் எண்டு விளங்காது.

கிண்ணியா_மச்சான் · செவ்வாய் இரவு 10.41

அதாலதான் வந்த குருவி இங்கயே நிண்டிடுது. பொடியன்மாரும் அப்பிடித்தான்.

வழிநடத்துநர் · புதன் காலை 9.00

"ஒத்திசைவு" பிழை, இந்தியப் புத்தகத்தில "ஓரியல்" எண்டு இருக்கு எண்டு வந்த பதினொரு பதிவை வேற இழைக்கு மாத்தியிருக்கிறன். அங்க போய் அடிபடுங்கோ.

கோணமலை_கெமி · சனி மாலை 6.15

வகுப்பு முடிஞ்சுது. கரைவலைக் கதையைத்தான் சொன்னன். போர்டில இரண்டு கோடு கீறினன்: ஒண்டு 60இல அவியுது, மற்றது நிண்டு துடிக்குது. "2012இல நான் சொன்னது பிழை, பென்சீனுக்குக் கை ஆட்டினதும் பிழை" எண்டும் சொன்னன். பின்வாங்கில சிரிப்பு. பாதியில கரண்டும் போச்சுது, மிச்சம் போன் வெளிச்சத்தில.

எல்லாம் முடிச்சுக் கொப்பியை மூட, அதே பிள்ளை திரும்ப எழும்பினது. "சேர், நீங்க சொன்னதெல்லாம் லேசர் அடிச்சுப் பார்த்தது. லேசர்தானே எல்லா மூலக்கூறையும் ஒரே நேரத்தில தட்டித் தாளத்தைத் தொடக்கி விடுது. வெயில் அப்பிடித் தட்டாதே. அப்ப வெயிலில முதல்ல அந்த அம்பாவை ஆர் தொடங்கிறது?"

மணி அடிச்சுத் தப்பினன். என்ன சொல்ல?

கன்னியா_அனல் · சனி மாலை 6.50

சேர், ரொறன்ரோவில போல் புரூமர் எண்டவர் கன வருசமாக் கேட்டுக்கொண்டு வாறதும் இதையேதான். நல்ல வெயிலிலகூட ஒரு பச்சையத்துக்குச் செக்கனுக்குப் பத்துப் போட்டோன் அளவுதான் கிடைக்கும். அதுவும் ஒண்டுக்கொண்டு தொடர்பில்லாமல், இடைவிடாமல் பெய்யுற தூறல் மாதிரி. எந்த நேரத்தில தட்டினது எண்ட குறிப்பே இல்லாத இடத்தில, எல்லாருக்கும் பொதுவான ஒரு தாளம் தொடங்காது. லேசர் காட்டுற துடிப்பை வெயிலில தேடுறதே சரியா எண்டு அவர் கேட்டார்.

அந்தப் பிள்ளைக்கு இதை நான் நேரில கீறிக் காட்டுறன். புதன்கிழமை வரைக்கும் ஊரிலதான் நிக்கிறன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ.